‘கிரியேட்’ வேண்டாம், மாமா



இன்று புதன்கிழமை. சதா சகாய மாதா நவநாளுக்கு வந்திருக்கிறீர்கள். கடலிலிருந்து வந்து குளித்த ஈரம் காயாமல் சிலர், டியூஷன் விட்ட பிள்ளையைப் புத்தகப் பையோடு கையில் பிடித்துக்கொண்டு சிலர். மறையுரை ஏழு நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும் என்பது எனக்குத் தெரியும். இன்று தாண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாசகத்தைக் கவனித்தீர்களா? அரசர்கள் இரண்டாம் நூல், 22-ஆம் அதிகாரம். யோசியா எட்டு வயதில் அரசரானவர். வாசகம் நடப்பது அவருடைய ஆட்சியின் 18-ஆம் ஆண்டில். அப்படியானால் அவருக்கு வயது இருபத்தாறு. எருசலேம் கோவில் பழுதாகிக் கிடக்கிறது. தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் கூலி கொடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லி எழுத்தர் சாப்பானை அனுப்புகிறார். அந்த வேலையாட்களிடம் கணக்குக் கேட்க வேண்டாம், நாணயமானவர்கள் என்று வாசகத்துக்குச் சற்று முன்னால் ஒரு செய்தி வருகிறது. நம் கட்டடக் குழுவுக்காக அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன இடத்தில் தலைமைக் குரு இல்க்கியா, ஆண்டவரின் இல்லத்தில் திருச்சட்ட நூலைக் கண்டெடுத்ததாகச் சொல்கிறார்.

கண்டெடுத்தார் என்றால் அதுவரை காணாமல் போயிருந்தது என்றுதானே பொருள்? எங்கே காணாமல் போனது? வேறெங்கும் போகவில்லை, கோவிலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. யோசியாவின் தாத்தா மனாசே ஐம்பத்தைந்து ஆண்டு ஆண்டார். அப்பா ஆமோன் இரண்டு ஆண்டு. அத்தனை காலமும் பலி நடந்திருக்கும், தூபம் எழுந்திருக்கும், குருக்கள் முறை வைத்து வந்து போயிருப்பார்கள். நூலைக் காணோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன ஐப்பசியில் என் அக்கா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி செத்துப்போனது. அந்தக் கதையைச் சொன்னால் இந்த வாசகம் இன்னும் கொஞ்சம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா உபதேசியார். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார். வாசிப்பார் என்றா சொல்வது, அது வாசிப்புக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒன்று. ஒப்பாரிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஒரு இழுவை. இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய வெள்ளியன்று தொண்டை கட்டிக்கொள்ளும். பனங்கற்கண்டையும் மிளகையும் வாயில் அடக்கிக்கொண்டு மறுபடி தொடங்குவார். யாரோ ஒரு புண்ணியவான் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்துப் பதிவு செய்தார். பதினொரு கேசட்.

அக்கா மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். என்னை ‘ஃபாதர் மாமா’ என்று கூப்பிடுவான். ஊரைவிட்டுப் போவதற்கு முன், ஒரு பழைய கம்ப்யூட்டரில் நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் நாலு வாங்கிப் போட்டு, ட்ரூநாஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, வீட்டுக்கென்று ஒரு சேமிப்பு சர்வர் செய்து வைத்தான். கல்யாண வீடியோ, பேரப்பிள்ளைகளின் போட்டோ, வீட்டுப் பத்திரம், அப்பாவின் பதினொரு கேசட் எல்லாம் அதில்தான். நாலு டிஸ்க்கில் எந்த ஒன்று போனாலும் மிச்சம் மூன்றை வைத்து முழுவதையும் மீட்டுவிடலாம் என்ற ஏற்பாடு. கேசட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது. ஆக, அப்பாவின் குரல் இந்த உலகத்தில் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த சர்வரைத்தான் அக்கா முதலில் தூக்கினாள். நகைப் பெட்டி அதற்கப்புறம்தான். அன்றிலிருந்து அது பரணில் இருந்தது.

வெள்ளத்துக்குத் தப்பியது, போன ஐப்பசியில் ஒரு சாதாரண கரண்ட் கட்டில் விழுந்தது. கரண்ட் வந்த பிறகு மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் பெட்டியில் உயிர் இல்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: துவக்குவதற்கு எதுவும் இல்லையாம். அக்கா என்னைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவாள், குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து. அன்றைக்கு போனில், “தம்பி, அப்பா ரெண்டாந்தரம் செத்துட்டாருடா” என்றாள்.

பஜாரில் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் நல்ல மனுஷன்தான். பார்த்துவிட்டு, “விண்டோஸ் போட்டுத் தந்துடலாம்க்கா, டிஸ்க் நாலும் புதுசு மாதிரி இருக்கு, ஃபார்மட் அடிச்சா ஓடும்” என்றிருக்கிறார். சரி என்று சொல்ல அக்கா வாயெடுத்தபோதுதான் நான் உள்ளே போனேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாததால் மஸ்கட்டுக்கு போன் போட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அவன் பதறவே இல்லை. “செத்தது பென் டிரைவ், மாமா” என்றான்.

விஷயம் இதுதான். அந்த சர்வரை எழுப்பி நடத்துகிற மென்பொருள் ஹார்ட் டிஸ்க்குகளில் இல்லை. பெட்டியின் பின்னால் சுண்டுவிரல் அளவுக்குச் சொருகியிருந்த பதினாறு ஜிபி பென் டிரைவில் இருந்தது. ஒரு காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்களாம். இடம் மிச்சம், செலவும் குறைவு. ஆனால் இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருந்தால் பென் டிரைவ் தாங்காது, தேய்ந்துவிடும். அது போனதும் வீடு முழுக்க இருட்டு. இருட்டானதால் வீடே இடிந்துவிட்டது என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தோம்.

அப்புறம் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “டிஸ்க் நாலும் நல்லா இருக்கும். புதுசா ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதுல ட்ரூநாஸ் ஏத்துங்க. ஏத்துறதுக்கு முன்னால நாலு டிஸ்க் வயரையும் கழட்டிடுங்க, கை தவறி அதுல ஏத்திடக்கூடாது. அப்புறம் ஸ்க்ரீன்ல ரெண்டு வழி காட்டும். ‘கிரியேட்’ வேண்டாம், மாமா. கிரியேட் பண்ணா இருந்தது எல்லாம் போச்சு. ‘இம்போர்ட்’ மட்டும்.”

திருப்பலி வைக்கிற கையால் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன். மூடியைத் திறந்தால் ஒரு விரற்கடை தூசி, ஒரு கரப்பான் இறகு, மூலையில் காய்ந்த இரண்டு பல்லி முட்டை ஓடு. எந்த வயர் எந்த டிஸ்க்குக்கு என்று மாறிப் போய்விடக்கூடாதே என்று அக்கா தன் பேத்தியின் நகச்சாயத்தை எடுத்து, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, நாலு புள்ளி என்று அடையாளம் வைத்தாள். வீடியோ காலில் பார்த்த பையன் சிரித்துவிட்டான். “எதை எதுல சொருகுனாலும் பரவாயில்லம்மா. அதுங்களுக்கே தெரியும்.”

அதுங்களுக்கே தெரியும். அது எப்படி என்று பிறகு விவரமாகக் கேட்டேன். இந்த டிஸ்க்குகளில் தகவலை எழுதி வைக்கிற முறைக்கு இசட்எஃப்எஸ் என்று பெயர். 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரென்ஸ் என்பவர்கள் தொடங்கிய வேலை. இந்த முறையில் ஒவ்வொரு டிஸ்க்கின் உடம்பிலும் ஒரு முகவரிச் சீட்டு எழுதப்படுகிறது. நான் இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவன், குடும்பத்தின் பெயர் இது, எனக்கென்று உள்ள எண் இது, என்னோடு கூடப்பிறந்த மற்ற மூவர் இன்னின்னார், நாங்கள் சேர்ந்து வாழ்கிற முறை இப்படி. இதை ஒரு தடவை எழுதுவதில்லை. டிஸ்க்கின் தலைமாட்டில் இரண்டு பிரதி, கால்மாட்டில் இரண்டு பிரதி, ஒவ்வொன்றும் 256 கேபி. தலைப்பக்கம் சேதமானாலும் கால்பக்கம் சொல்லும். நாலு டிஸ்க்கிலும் இப்படியே. ஆக, குடும்பம் யார் யார் என்பது பென் டிரைவுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக ஒருநாளும் இருந்ததில்லை.

புதிய எஸ்எஸ்டியில் மென்பொருள் ஏறியது. பெட்டியை அணைத்து, வயர்களை மறுபடி சொருகி, எழுப்பினோம். லேப்டாப்பில் அதன் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் வெறுமை. ஒரு பெயரில்லை, ஒரு கோப்பில்லை. கடையில் புதிதாக வாங்கி வைத்த அலமாரி மாதிரி. அக்கா மறுபடி அழத் தயாராகிவிட்டாள். ‘இம்போர்ட்’ என்பதை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. புதிய மென்பொருள் நாலு டிஸ்க்கையும் பார்த்து, யாரப்பா நீங்கள் என்று கேட்கிறது, அவ்வளவுதான். சில நொடியில் ஒரு பெயர் வந்தது. பையன் அந்தத் தொகுப்புக்கு ஆங்கில எழுத்தில் ‘தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தான். எனக்கும் அக்காவுக்கும் அதுவரை அது தெரியாது.

இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தினாருக்கு ஒரு வழக்கு இருந்தது. தொனாத்துவாதிகள் என்று ஒரு பிரிவினர். அவர்களிடம் போய்ச் சேரும் கத்தோலிக்கருக்கு மறுபடி ஒருமுறை திருமுழுக்குக் கொடுத்தார்கள். பழையது செல்லாது, புதிதாகத் தொடங்கு என்பது அவர்கள் வாதம். அகுஸ்தினார் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காலத்தில் உரோமைப் படைவீரர்களுக்கு உடம்பில் முத்திரை குத்துவார்கள். படையைவிட்டு ஓடிப்போனவன் திரும்பி வந்தால் குற்றத்துக்குத் தண்டனை உண்டு, ஆனால் மறுபடி முத்திரை குத்துவதில்லை, ஏற்கெனவே இருக்கிறதே. இதைத்தான் அவர் உவமையாகச் சொன்னார். திருமுழுக்கு ஒரே தடவைதான் என்று திருச்சபை இன்றுவரை சொல்வது இதனால்தான். பதினைந்து வருஷம் கோவில் பக்கம் வராத பையன் ஒருநாள் வந்து நிற்கிறான். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அனுப்புகிறோம், திருமுழுக்குத் தொட்டிக்கு அனுப்புவதில்லை. அவனுக்குள் நாம் புதிதாக எதையும் உருவாக்கப் போவதில்லை. யாரப்பா நீ என்று கேட்டால் போதும், அவனுடைய உடம்பே சொல்லும்.

சாமியார்களாகிய எங்களுக்கு இதில் ஒரு வியாதி உண்டு. மாறுதலாகி ஒரு பங்குக்குப் போனதும் முதல் மாதத்திலேயே கை துருதுருக்கும். முந்தின சாமி வைத்த அன்பியக் கூட்ட நேரத்தை மாற்றுவோம். பாடகர் குழுவைக் கலைத்துவிட்டு வேறு குழு அமைப்போம். குருசடிக்கு வேறு வண்ணம் அடிப்போம். இருந்த பங்கு எங்கள் கண்ணுக்குத் தெரியாது, வெற்றுத் திரை மட்டும்தான் தெரியும். ‘கிரியேட்’ பொத்தான் பெரிதாக, பளபளவென்று இருக்கும். அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லாததற்கு இதுதான் காரணம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாலு நல்ல டிஸ்க்கைப் பார்த்தார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் இந்தப் பங்குக்கு வந்த புதிதில் எத்தனை நல்ல டிஸ்க்கை ஃபார்மட் அடித்தேன் என்று பங்குப் பேரவைத் துணைத் தலைவரைக் கேட்டால் சொல்வார். இப்போது கேட்க வேண்டாம்.

கதை இன்னும் முடியவில்லை. பெயர் வந்தது, கோப்புகள் வந்தன. ஆனால் அக்காவின் டிவியில் ஒன்றும் தெரியவில்லை. யார் உள்ளே வரலாம், யாருக்கு எது தெரியலாம், எந்தக் கோப்பறையை வீட்டுக்குத் திறந்துவிடுவது என்ற ஏற்பாடுகளெல்லாம் செத்துப்போன பென் டிரைவோடு போய்விட்டன. நல்லவேளை, பையன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அமைப்புக் கோப்பைத் தரவிறக்கித் தனக்கே மின்னஞ்சல் போட்டு வைத்திருந்தான். ஒரு போட்டோ அளவுகூட வராத சின்னக் கோப்பு. அதை ஏற்றியதும் பெட்டி ஒருமுறை தூங்கி எழுந்தது, எல்லாப் பெயரும் பழைய பாஸ்வேர்டோடு திரும்பி வந்தன. யோசியாவும் நூல் கிடைத்ததென்று அதைப் பூட்டி வைக்கவில்லை. பெரியோர் சிறியோர் என்று பாராமல் எல்லாரையும் கூட்டி, அவர்கள் காதில் விழும்படி வாசித்தார். அதற்குப் பிறகுதான் உடன்படிக்கை.

ஆனால் அதற்கு முன்னால் அவர் இன்னொன்று செய்தார். நம் வாசகம் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறது. நூலைக் கண்டெடுத்தவர் தலைமைக் குரு. வாசித்துக் காட்டியவர் அரசவை எழுத்தர். கேட்டு ஆடையைக் கிழித்துக்கொண்டவர் அரசர். மூன்று பெரிய ஆட்கள். போதாதா? போதவில்லை. எருசலேமில் குடியிருந்த ஒரு பெண் இறைவாக்கினரிடம் ஆளனுப்பி, இது மெய்யா, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். அந்த அம்மா சொன்ன பிறகே அரசர் மக்களைக் கூட்டுகிறார். நம் ஊரில் தலைமைக் குரு ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று விளக்கம் கேட்பதை யோசித்துப் பாருங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்?

சர்வரிலும் இப்படி ஒரு வேலை உண்டு, ஸ்க்ரப் என்பார்கள். எல்லாம் திரும்பிவிட்டது என்று தெரிந்த அன்று ராத்திரியே அதை ஓடவிடச் சொன்னான் பையன். ஹார்ட் டிஸ்க் சில நேரம் பொய் சொல்லும். எழுதியது ஒன்றாக இருக்கும், கேட்டால் வேறொன்றைக் கூசாமல் கொடுக்கும், தப்பு நடந்ததாகவே காட்டாது. அதனால் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைக்கிறார்கள். அழகு என்னவென்றால் அந்த எண்ணைத் தகவலின் பக்கத்திலேயே வைப்பதில்லை. அதற்கு மேலே, அதைச் சுட்டிக்காட்டுகிற இன்னொரு துண்டில் வைக்கிறார்கள். தன்னைப் பற்றித் தானே கொடுக்கிற நற்சான்று செல்லாது. இன்றைய நற்செய்தியில் போலி இறைவாக்கினர்களை எப்படிக் கண்டுகொள்வது என்று ஆண்டவர் சொல்கிறார் அல்லவா, கனியைப் பார் என்று? மரத்தைக் கேட்கச் சொல்லவில்லை. ஸ்க்ரப் ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசித்து எண்ணோடு ஒப்பிடும், பிசகு இருந்தால் மற்ற டிஸ்க்குகளில் உள்ளதை வைத்துத் திருத்தும். அவசரமே கிடையாது. அன்று ராத்திரி அக்கா வீட்டில் பாய் போட்டுப் படுத்தேன். பரணில் டிஸ்க்குகள் கருக் கருக்கென்று கொறித்துக்கொண்டிருந்த சத்தம், மரத்தைப் பூச்சி அரிக்கிற மாதிரி. விடியக்காலையில் முடிந்தது. மூன்று புள்ளி வைத்த டிஸ்க்கில் சில கேபி கெட்டிருந்ததைச் சரிசெய்ததாகத் திரையில் போட்டிருந்தது. பென் டிரைவ் சாகாமல் இருந்திருந்தால் நாங்கள் அந்த டிஸ்க்கைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

சந்தோஷத்தில் நான், இனிமேல் கவலை இல்லை, நாலு டிஸ்க் இருக்கிறது என்றேன். “அது பேக்கப் இல்ல மாமா” என்றான். நாலு டிஸ்க் இருந்தாலும் பெட்டி ஒன்றுதான். தீப்பிடித்தால், திருடன் தூக்கினால், மறுபடி வெள்ளம் வந்தால், நாலும் சேர்ந்தே போகும். யோசியாவின் மகன் யோயாக்கிம் என்ன செய்தார் தெரியுமா? எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளேட்டை அரசர் முன்னால் வாசிக்கிறார்கள். குளிர்காலம், பக்கத்தில் கணப்பு எரிகிறது. வாசித்த பகுதியைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டார், சுருள் முழுவதும் தீர்கிற வரை. நூலைக் கேட்டு ஆடையைக் கிழித்துக்கொண்ட அப்பாவுக்கு, நூலையே கிழித்துப் போட்ட மகன். எரேமியா என்ன செய்தார்? இன்னொரு சுருளை எடுத்துக்கொள் என்றார். மறுபடி சொன்னார், பாரூக்கு மறுபடி எழுதினார், முன்பு இருந்ததைவிட இரண்டாவது சுருளில் கூடுதலாகவே இருந்தது. நெருப்புக்கு எட்டாத இன்னொரு இடத்தில் அந்தச் சொற்கள் இருந்ததால் இது நடந்தது. இப்போது ‘தாத்தா’வின் பிரதி ஒன்று நம் பங்கு இல்லத்து பீரோவில் இருக்கிறது.

பையன் ஒன்றை மட்டும் கொஞ்சம் பயத்தோடு சொன்னான். அவனுடைய கூட்டாளி ஒருவன் இதே மாதிரி சர்வரை யாரும் திருடிப் படிக்க முடியாதபடி பூட்டு எழுத்தில் வைத்திருந்தானாம். அதற்கான சாவியும் துவக்க டிரைவிலேயே இருந்தது. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. டிரைவ் போனது. டிஸ்க்குகள் அத்தனையும் ஆரோக்கியம், ஒரு கீறல் இல்லை. குடும்பத்தின் பெயரைக்கூட அவை சொல்கின்றன. உள்ளே இருப்பதைத் திறக்க மட்டும் இந்த உலகத்தில் யாராலும் முடியாது. இதைக் கேட்டபோது எனக்கு நம் கரையில் ஒரு தாத்தா நினைவுக்கு வந்தார். கோவில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் உப்பளத்துக் குவியலை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்து, கடலுக்கடியில் இருக்கிற ஒரு பாரின்மேல் வள்ளத்தைச் சரியாக நிறுத்துவார். மகன்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சொல்லாமலே போய்விட்டார். பார் அங்கேதான் இருக்கிறது. மீனும் அங்கேதான் மேய்கிறது. வீட்டில் செபமாலை சொல்லித்தருகிற பாட்டிமார் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்குத் தெரிந்த பழைய செபங்களைப் பேரப்பிள்ளைக்கு இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு கதை, நம் கரையிலிருந்தே தொடங்குவது. 1658-இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கையில் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள், அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. கோவில்கள் பறிபோயின. அங்கே இருந்த நம் சனங்களுக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறப்பவருக்கு நோயில்பூசுதல் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. 29 வருஷம் இப்படி. 1687-இல் கோவாவிலிருந்து வந்த ஒரு குரு தூத்துக்குடியில் கப்பலேறினார். முப்பத்தாறு வயது. கூட யோவான் என்ற பணியாள். கூலியாள் வேடத்தில் போனார்கள், வழியிலேயே நோயில் விழுந்தார்கள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் பட்டியல் இல்லை, எந்த வீடு நம் வீடு என்று காட்ட ஆளில்லை, கேட்கவும் வழியில்லை. அவர் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார்.

யோசித்துப் பாருங்கள், வாசலில் பிச்சைக்காரன் நிற்கிறான். சோறு போட வருகிற அம்மாவின் கண் அவன் கழுத்துக்குப் போகிறது. ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் தெருத் தெருவாக நடந்தார். புதிய கிறிஸ்தவர்களை உருவாக்க முதலில் போகவில்லை. யாரம்மா நீங்கள் என்று வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு போனார், 29 வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. பதில் ஒவ்வொரு வீடாக வந்தது. சில்லாலையில் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள், இரவில் திருப்பலி நடந்தது. அங்கிருந்து புத்தளம், கண்டி என்று நாடு முழுவதும் நடந்து, 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் புனிதராக அறிவித்தாரே, யோசப் வாஸ் அடிகளார், அவர்தான்.

அவருக்குத் துணையாக 1705-இல் கோவாவிலிருந்து இன்னொரு இளம் குரு வந்து சேர்ந்தார், சாங்கோபாங்க சுவாமி என்று அழைக்கப்படும் ஜாக்கோமே கொன்சால்வெஸ். குரு இல்லாத ஊர்களில் சனங்கள் தாங்களே வாசித்து வழிபடட்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவர் எழுதியதுதான் வியாகுலப் பிரசங்கம். அது இக்கரைக்கும் வந்தது. கைமாறிக் கைமாறி எங்கள் அப்பாவிடம் வந்து சேர்ந்தது.

ஸ்க்ரப் முடிந்த அன்று காலையில் அக்கா காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். ஏழாவது கேசட்டைத் திறந்தேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு எங்கோ ஒரு சேவல், யாரோ பாயை உதறுகிற சத்தம், பிறகு அப்பா. குரல் கொஞ்சம் வேகமாக இருந்தது, கேசட்டில் ஏற்றியபோது அப்படி ஆகியிருக்கும். நாங்கள் இருவரும் பேசவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும், மாதா சிலுவையடியில் நிற்கிற இடம். அப்பா இருமினார். இருமல் நிற்கவில்லை. தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது, இன்னொரு தாள், இடம் தவறிவிட்டது போலிருக்கிறது. அந்த அமைதியில் மைக்குக்குத் தூரத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல், அப்பாவின் அதே இழுவையில், அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “யாருடா அது?” என்றாள். “நீதான்க்கா” என்றேன். தனக்கு அப்படி எதுவுமே ஞாபகம் இல்லை என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு, அப்பாவோடு சேர்ந்து, அதற்கடுத்த அடியைச் சொல்லிக்கொண்டிருந்தது.